அதே வெயில், அடுத்த தெரு

ஒரே தெருவில் இரண்டு பாட்டிகள் இருப்பார்கள். ஒருவர் கணவர் போன பிறகு தனியாகவே குடியிருப்பவர். மகன் ஹூஸ்டனில், மகள் பெங்களூரில். காலையில் வாசல் தெளிக்கும்போது பால்காரரோடு ஒரு வாய்ச்சண்டை, பத்து மணிக்குக் கீரைக்காரம்மாவிடம் பேரம், சாயங்காலம் கோயில் பிரகாரத்தில் நாலு பேரோடு ஊர்வம்பு. “தனியா இருக்கீங்களே, கஷ்டமா இல்லையா?” என்று கேட்டால் சிரித்துவிடுவார். இன்னொருவர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என ஆறு பேர் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, அறையில் ஏசி, டிவி எல்லாம் உண்டு. அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றாது. கேட்டால், “பேச ஒரு நாதி இல்லப்பா” என்பார்.

இந்த இருவரையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படியும் தனிமை என்று பேச்செடுத்தால் நம் வாயில் முதலில் வருவது, “கூட்டுக்குடும்பம் உடைஞ்சுபோச்சு” என்ற வாக்கியம்தான். ஒரு கூரையின் கீழ் எத்தனை தலை என்று எண்ணிவிட்டால் தனிமையை அளந்துவிடலாம் என்பது நம் நம்பிக்கை.

ஐரோப்பாவில் எடுத்த கணக்குகள் இந்த நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை. ஸ்வீடனில் பத்து வீடுகளில் நான்குக்கும் மேல் ஒரே ஒருவர் வாழும் வீடுகள். தனித்து வாழ்வோர் மிக அதிகமுள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. கிரேக்கத்திலும் இத்தாலியிலும் முதியவர்கள் பலர் பிள்ளைகளோடு வாழ்கிறார்கள், இல்லையென்றால் பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். இரு பக்கத்து முதியவர்களிடமும் தனிமை வாட்டுகிறதா என்று ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். ஆமாம் என்று அதிகம் சொன்னவர்கள் தெற்கத்தியவர்கள். வடக்கே அந்தப் பதில் குறைவு. உடல்நலத்திலும் வருமானத்திலும் உள்ள வேறுபாடு இதில் ஒரு பங்குக்குக் காரணம். ஆனால், கூட ஆள் இருந்தால் தனிமை இருக்காது என்ற கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை என்பது மட்டும் தெளிவு.

அப்படியென்றால் தனிமையைத் தருவது எது? அது மனக்கஷ்டத்தோடு நின்றுவிடுமா, உடம்பையும் தொடுமா? விடையைத் தேடிச் சிகாகோ நகரத்தின் இரண்டு பேட்டைகளுக்குப் போகப்போகிறோம். அதற்கு முன் கொஞ்சம் தயாரிப்பு தேவை.

மூன்று வேறு சங்கதிகள்

அன்றாடப் பேச்சில் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் மூன்று நிலைகளை ஆய்வாளர்கள் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறார்கள்.

முதலாவது, தனித்து வாழ்தல். ரேஷன் கார்டில் ஒரே ஒரு பெயர் இருப்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவர் இதை ஒரு நிமிடத்தில் குறித்துக்கொண்டு போய்விடுவார்.

இரண்டாவது, தொடர்பறுநிலை. போன வாரம் எத்தனை பேரோடு பேசினீர்கள், எத்தனை முறை வெளியே போனீர்கள், ஓர் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? இதையும் எண்ணிச் சொல்லலாம், கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

மூன்றாவது, தனிமையுணர்வு. இதை வெளியிலிருந்து எண்ண முடியாது. நமக்கு வேண்டியிருக்கும் உறவுக்கும் நமக்குக் கிடைக்கும் உறவுக்கும் நடுவே விழும் இடைவெளி என்று 1982இல் லெட்டீஷியா பெப்லா, டேனியல் பெர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை வரையறுத்தார்கள். இன்றைக்கும் பெரும்பாலான ஆய்வுகளுக்கு அடித்தளம் இந்த வரையறைதான்.

இதை வைத்துக்கொண்டு மறுபடி ஸ்வீடனைப் பாருங்கள். பிள்ளைகள் பதினெட்டு, இருபது வயதில் தனி வீடு பார்த்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அந்த ஊர் அம்மாவுக்கு அது நிறைவு. மகன் கூடவே இருப்பான் என்று எதிர்பார்த்து வளர்த்த ஊரில், அடுத்த தெருவில் இருக்கும் மகன் நாலு நாள் எட்டிப் பார்க்கவில்லை என்றாலே அம்மாவுக்குத் தொண்டையை அடைக்கும். கிடைப்பது கூடுதலாக இருந்தும், எதிர்பார்ப்பு அதைவிட உயரத்தில் இருந்தால் இடைவெளி விழும்.

இந்த இடைவெளியிலும் இரண்டு வகை உண்டு என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ். 1973இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையின் தொடக்க நூல்களில் ஒன்று. மனசைத் திறந்து பேச ஒரே ஒரு நெருங்கிய ஆள் இல்லாதது ஒரு வகை. நாமும் இவர்களில் ஒருவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு வட்டம் இல்லாதது இன்னொரு வகை. ஒன்றை வைத்து மற்றதை நிரப்ப முடியாது. அன்பான கணவன் இருந்தும் புதிய ஊரில் யாரையும் தெரியாத மனைவிக்குத் தனிமை வருவதும், நண்பர்கள் சூழ்ந்திருந்தும் மனைவியை இழந்தவருக்குத் தனிமை தீராததும் இதனால்தான்.

உணர்வை எப்படி அளப்பது? 1978இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இருபது வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் தயாரானது. தொலைபேசியில் கேட்க அது நீளம் என்பதால் 2004இல் மூன்றே கேள்விகளாகச் சுருக்கினார்கள். துணையில்லை என்று தோன்றுகிறதா, ஒதுக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா, மற்றவர்களிடமிருந்து விலகிப்போனதாகத் தோன்றுகிறதா? எப்போதாவது என்றால் 1, சில சமயம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை ஒரு மதிப்பெண் வரும். தனிமை என்ற சொல்லே கேள்விகளில் வராதபடி அமைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “நான் தனிமையில் தவிக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்ல மனிதர்கள் கூச்சப்படுவார்கள்.

இப்படி அளக்கத் தொடங்கியதும் இன்னொரு நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. தனிமை முதுமையின் நோய் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். 2018இல் பிபிசி நடத்திய ஆய்வில் சுமார் 55,000 பேர் தாமாக முன்வந்து பதில் தந்தார்கள். அடிக்கடி தனிமையாக உணர்வதாகச் சொன்னவர்கள் 75 வயதைத் தாண்டியவர்களில் 27 சதவீதம், 16 முதல் 24 வயதுக்காரர்களில் 40 சதவீதம். கல்லூரி, ஹாஸ்டல், கைப்பேசி நிறைய நண்பர்கள் என்று இருக்கும் வயதில்தான் இடைவெளி அகலமாக இருக்கிறது.

பசியின் தம்பி

இந்த உணர்வு நமக்கு எதற்கு? வேதனை தவிர வேறு பயன் அதில் உண்டா?

சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தனிமையை ஆராய்ந்தவர் ஜான் கசியோப்போ. 2018இல் காலமானார். தனிமையுணர்வு ஒரு கோளாறு அல்ல, பசியைப் போல உடம்பு தரும் ஒரு சைகை என்பது அவர் வாதம். உடம்பில் சத்து குறைந்தால் பசி நம்மைச் சோற்றுப்பானைப் பக்கம் தள்ளுகிறது. உறவு குறைந்தால் தனிமையுணர்வு நம்மை மனிதர்கள் பக்கம் தள்ளுகிறது. கூட்டமாக வேட்டையாடி, கூட்டமாகப் பிள்ளை வளர்த்த நம் மூதாதையருக்குக் கூட்டத்தைப் பிரிவது உயிருக்கே ஆபத்து. பிரியும்போது வேதனைப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள், பிழைத்தார்கள். அவர்கள் வாரிசுகள் நாம்.

இது வெறும் உவமைதானா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிவியா டொமோவா, ரெபேக்கா சாக்ஸ் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான நாற்பது பேர் சம்மதித்தார்கள். ஒரு நாள் காலை முதல் மாலை வரை பத்து மணி நேரம் ஒரு அறையில் தனியே இருக்க வேண்டும். கைப்பேசி கிடையாது. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுச் செய்தி அனுப்புவார்கள். கழிப்பறைக்குப் போவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அங்கே ஆளில்லை என்று உறுதி செய்த பிறகே அனுமதி. இன்னொரு நாள் அதே நபர்கள் பத்து மணி நேரம் பட்டினி.

ஒவ்வொரு நாள் முடிவிலும் மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டினார்கள். பட்டினி நாளில் உணவுப் படத்தைக் கண்டதும் நடுமூளையின் ஒரு சிறு பகுதி துடித்தது. வேண்டும் என்ற வேட்கையைக் கிளப்பும் டோப்பமின் என்ற வேதிப்பொருள் ஊறும் இடம் அது. தனிமை நாளில் மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படத்தைக் கண்டபோதும் துடித்தது அதே பகுதிதான். பூக்களின் படங்களுக்கு அந்தத் துடிப்பு இல்லை. ஆய்வின் முடிவு 2020 நவம்பரில் வெளிவந்தபோது, ஊரடங்கைப் பார்த்துவிட்டிருந்த உலகத்துக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. நல்ல உறவுகளோடு வாழ்ந்தவர்களிடம் அந்த வேட்கை பலமாக எழுந்தது. முன்பிருந்தே நெடுநாள் தனிமையில் இருந்தவர்களிடம் மங்கலாக எழுந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

சிகாகோ, 1995 ஜூலை

சிகாகோ குளிருக்குப் பேர்போன ஊர். 1995 ஜூலை 13ஆம் தேதி அங்கே வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வேலூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம், வியர்வை காயவில்லை, உடம்பு உணர்ந்தது 50 டிகிரிக்கும் மேல். ராத்திரியிலும் புழுக்கம் இறங்கவில்லை. செங்கல் கட்டடங்களின் மேல்மாடி அறைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் திருப்பித் தந்தன. மின்சாரம் பல ஆயிரம் வீடுகளில் நின்றுபோனது.

பிணக்கிடங்கு நிரம்பி வழிந்தது. குளிர்பதன லாரிகளை வரவழைத்து வாசலில் வரிசையாக நிறுத்தி உடல்களை வைக்க வேண்டியதாயிற்று. வழக்கமாக அந்த வாரத்தில் இறப்பவர்களைக் காட்டிலும் 739 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், ஏழைகள். ஜன்னலும் கதவும் சாத்திய அறைக்குள், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் இறந்து, நாற்றம் வந்த பிறகே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நிறைய. உரிமை கோர யாரும் வராத உடல்களை அரசு நிர்வாகமே அடக்கம் செய்தது.

நோய்த்தடுப்புத் துறையினர் விசாரணைக்கு வந்தார்கள். இறந்த 339 பேரையும், அவர்களுக்கு அருகில் வாழ்ந்து பிழைத்த, ஏறத்தாழ அதே வயதுடைய 339 பேரையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் ஏசி ஓடியவர்கள் தப்பித்தார்கள், எதிர்பார்த்ததுதான். தனித்து வாழ்ந்தவர்களுக்கு மரண வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. அதையும் எதிர்பார்க்கலாம். ஆனால் அன்றாடம் வீட்டைவிட்டு வெளியே இறங்காதவர்களுக்கு அது ஆறு மடங்குக்கும் மேல். நடமாட முடியாத நோயாளிகளும் இதில் அடக்கம் என்பதால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்கம்பக்கத்தில் நண்பர்கள் இருந்தவர்கள், ஏதாவதொரு குழுவுக்குப் போய்வந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். தனித்து வாழ்தலும் தொடர்பறுநிலையும் ஒன்றில்லை என்று நாம் மேலே எழுதி வைத்தது இங்கே பிணக்கணக்காக வந்து நிற்கிறது.

ஒட்டிக்கிடந்த இரண்டு பேட்டைகள்

அதே சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர் எரிக் கிளைனன்பெர்க். அப்போது சமூகவியல் மாணவர். எந்தெந்தப் பேட்டையில் எத்தனை சாவு என்று வரைபடத்தில் குறித்தபோது ஒரு விசித்திரம் அவர் கண்ணில் பட்டது. வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்று அடுத்தடுத்து இரண்டு பேட்டைகள். இரண்டுமே ஏழைகள் வாழும் இடம். தனித்து வாழும் முதியவர்களின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றே. வானிலை பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரே வெயில்தான். வடக்கு லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கு லான்டேலில் லட்சத்துக்கு 4 பேர். பத்து மடங்கு வித்தியாசம்.

கிளைனன்பெர்க் இரண்டு பேட்டைகளிலும் நடந்தார், ஆட்களோடு பேசினார்.

வடக்கு லான்டேல் ஒரு காலத்தில் ஜேஜே என்று இருந்த இடம். சியர்ஸ் என்ற பெரும் வணிக நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. பக்கத்திலேயே டிராக்டர் ஆலை. 1966இல் மார்ட்டின் லூதர் கிங், ஏழைக் கறுப்பர்களின் வீட்டு வசதிப் போராட்டத்துக்காக வந்து வாடகைக்குத் தங்கியதும் அந்தப் பேட்டையில்தான். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1968இல் கிங் கொல்லப்பட்டபோது மூண்ட கலவரத்தில் கடைவீதி எரிந்தது, மறுபடி எழவில்லை. வேலை போனதும் ஆட்களும் போனார்கள். 1995இல் அங்கே வீடுகளுக்கு நடுவே காலி மனைகள், பலகை அடித்து மூடிய கட்டடங்கள், முனைகளில் போதைப்பொருள் வியாபாரம். எஞ்சிய கறுப்பின முதியவர்களுக்கு வெளியே போவதற்குப் பயம், போனாலும் போய் உட்கார ஓர் இடமில்லை. வெயில் ஏறியபோது அவர்கள் கதவைத் தாழிட்டு உள்ளேயே இருந்தார்கள். குளிரூட்டிய கடை ஒன்று நடக்கும் தூரத்தில் இருந்திருந்தால் பலர் அங்கே போய் ஒதுங்கியிருப்பார்கள்.

தெற்கு லான்டேலில் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்திருந்தன. இருபத்தாறாம் தெரு முழுக்கக் கடை. ரொட்டிக்கடை, மளிகை, சாப்பாட்டுக் கடை, தள்ளுவண்டி, நடைபாதை நிறையக் குழந்தைகள். பக்கத்திலேயே மாதா கோயில். அந்தப் பேட்டையிலும் தனித்து வாழ்ந்த முதியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் மெக்சிகோக்காரர்கள்கூட இல்லை, பழைய காலத்தில் குடியேறிய வெள்ளையர்கள். பிள்ளைகள் புறநகருக்குப் போய்விட்டார்கள், இவர்கள் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டாரின் மொழிகூட அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் வெயில் தாங்காதபோது இறங்கி நடந்தார்கள், குளிர்ச்சியான கடைக்குள் நுழைந்தார்கள், தெரிந்த முகங்கள் “என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று கேட்டன. அவர்களைக் காப்பாற்றியது வீட்டுக்குள் இருந்த உறவு என்று சொல்ல வழியில்லை, வீட்டுக்குள் யாரும் இல்லை. காப்பாற்றியது தெரு.

மெக்சிகோக்காரர்களின் குடும்பப் பாசம்தான் காரணம் என்று உடனே ஒரு விளக்கம் கிளம்பியது. கிளைனன்பெர்க் அதற்கும் விடை வைத்திருந்தார். ஆபர்ன் கிரெஷம் என்ற இன்னொரு பேட்டை. அங்கே வாழ்ந்தவர்களும் கறுப்பின மக்கள்தான். பக்கத்தில் இருந்த எங்கில்வுட்டில் லட்சத்துக்கு 33 பேர் செத்தபோது இங்கே 3 பேர். ஆபர்ன் கிரெஷமில் கடைகள் திறந்திருந்தன, நடைபாதைகள் உடைந்திருக்கவில்லை, அக்கம்பக்கத்துச் சங்கங்கள் இயங்கின. இனம் ஒன்றுதான், தெரு வேறு.

ஆண்களின் கணக்கு

தனித்து வாழும் முதியவர்களில் அமெரிக்காவில் பெண்களே அதிகம். அந்தக் கணக்குப்படி பெண்கள்தான் அதிகம் இறந்திருக்க வேண்டும். ஆனால் வயதைச் சமன்செய்து பார்த்தால் ஆண்களின் மரண விகிதமே கூடுதல். உரிமை கோர ஆளில்லாத உடல்களிலும் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஒற்றை அறை வாடகை விடுதிகளில் வாழ்ந்தவர்கள் பலர்.

குடும்பத்தின் தொடர்புகளைப் பேணும் வேலையைப் பல சமூகங்களில் பெண்கள் தலையில் கட்டிவிடுகிறோம். யார் வீட்டுக் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை, பக்கத்து வீட்டில் ஏன் கதவு திறக்கவில்லை என்ற விவரமெல்லாம் அவர்களிடம்தான் இருக்கும். ஆண்களின் தொடர்பு வேலையிடத்தோடு கட்டியது. ஓய்வு பெற்ற மறுநாள் அது அறுகிறது. மனைவியும் போய்விட்டால், உறவினரோடு இருந்த தொடர்பும் அவரோடு போய்விடுகிறது.

ஓர் ஆட்சேபம்

கிளைனன்பெர்க்கின் நூல் 2002இல் வெளிவந்து புகழ்பெற்றது. அதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. மிட்செல் டுனியர் என்ற சமூகவியலாளர் அதே பேட்டைகளுக்குப் போய், இறந்தவர்களை அறிந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். இறந்தவர்களில் சிலர் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள், சிலர் நன்றாக வெளியே போய்வந்தவர்கள் என்று 2006இல் எழுதினார். பேட்டையின் சராசரியை வைத்துத் தனிமனிதர் ஒவ்வொருவரின் கதையையும் முடிவு செய்துவிட முடியாது என்பது அவர் எச்சரிக்கை. நியாயமான எச்சரிக்கைதான்.

அதே ஆண்டில் இன்னொரு குழு, இரண்டு பேட்டைகளோடு நிற்காமல் சிகாகோவின் பல பேட்டைகளையும் புள்ளிவிவர முறையில் அலசியது. கடைவீதி நசிந்துபோன பேட்டைகளில் வெயில் சாவு அதிகம் என்ற போக்கு அங்கேயும் தெரிந்தது. ஆக, ஒவ்வொரு மரணத்தையும் இந்த விளக்கத்துக்குள் அடக்க முடியாவிட்டாலும், தெருவுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு நிற்கிறது.

ஜலதோஷம் சொன்ன சேதி

வெயில் வந்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். உறவின் குறை சாதாரண நாட்களிலும் உடம்புக்குள் வேலை செய்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமி கலந்த சொட்டுகளை விட்டு, தனியே தங்கவைத்துக் கவனித்தார்கள். முன்னதாகவே அவர்களிடம் ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள். துணைவர், பெற்றோர், பிள்ளைகள், நண்பர்கள், அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்பவர்கள், கோயில் குளத்தில் பழகுபவர்கள் என்று பன்னிரண்டு வகை உறவுகளில் எத்தனை வகையோடு தவறாமல் பேசுகிறீர்கள்? ஆறு வகையோ அதற்கு மேலோ உள்ளவர்களைவிட, மூன்று வகைக்குள் முடங்கியவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. எத்தனை பேர் என்பதைக் காட்டிலும் எத்தனை வகை என்பதுதான் கணக்கில் வந்தது. பத்துப் பேர் உள்ள குடும்பம் ஒன்று மட்டும் இருப்பதைவிட, ஒரு தம்பி, ஒரு சிநேகிதி, ஒரு பக்கத்து வீடு, ஒரு பஜனைக் குழு என்று பரந்து கிடப்பது உடம்புக்குப் பலம்.

உள்ளே என்ன நடக்கிறது? 2007இல் ஸ்டீவ் கோல் குழுவினர் தனிமையுணர்வு மிகுந்தவர்களின் வெள்ளை அணுக்களை ஆராய்ந்தார்கள். பதினான்கே பேரைக் கொண்ட சிறிய ஆய்வு. வீக்கத்தையும் அழற்சியையும் தூண்டும் மரபணுக்கள் அவர்களிடம் மும்முரமாக இருந்தன, வைரஸை எதிர்க்கும் மரபணுக்கள் சோம்பிக் கிடந்தன. கூட்டத்தைப் பிரிந்த விலங்குக்குக் காயம்படும் ஆபத்து அதிகம், தொற்று பரவும் ஆபத்து குறைவு, அதனால் உடம்பு காயத்துக்குத் தயாராகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். காட்டில் சில நாளுக்கு உதவும் அந்த ஏற்பாடு, நகரத்தில் வருஷக்கணக்கில் நீடித்தால் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் அரிக்கும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர் ஜூலியான் ஹோல்ட்–லன்ஸ்டட். 148 ஆய்வுகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று 2010இல் அறிவித்தார். நோய் வந்ததால் உறவு சுருங்கியிருக்கலாமே என்ற சந்தேகம் சரியானதுதான். தொடக்கத்தில் இருந்த உடல்நிலையைக் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் வேறுபாடு முழுக்க மறையவில்லை.

போ, நாலு பேரோடு பழகு

தனிமையில் தவிப்பவருக்கு நாம் தரும் இலவச ஆலோசனை இது. பல நேரம் பலிப்பதில்லை. ஏன்?

நடுமூளை ஆய்வில் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே உதவும். ஒரு நாள் தனிமை மனிதர்களைத் தேடவைக்கிறது. நெடுநாள் தனிமை அந்த வேட்கையை மங்கவைக்கிறது. அதோடு சேர்ந்து இன்னொரு மாற்றமும் நடக்கிறது என்று கசியோப்போவும் அவருடைய சகா லூயிஸ் ஹாக்லியும் காட்டினார்கள். நெடுநாள் தனிமையில் இருப்பவரின் மூளை எந்நேரமும் ஆபத்தைத் தேடத் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ யோசனையில் சிரிக்காமல் போனால் மற்றவர்கள் மறந்துவிடுவார்கள், இவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். அடுத்த முறை இவரே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்து அவரும் விலகுவார். தனிமை கூடும்.

தூக்கமும் கெடுகிறது. தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் என்ற கிறித்தவக் குழுவினர் சொத்தையும் உணவையும் பொதுவில் வைத்துக்கொண்டு ஒரே குடியிருப்பாக வாழ்கிறார்கள். அவர்களில் 95 பேரின் தூக்கத்தை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தனிமையுணர்வு அதிகமானவர்களின் தூக்கம் இரவில் அதிகம் துண்டுபட்டது தெரிந்தது. ஊரே ஒன்றாக உண்ணும் இடத்திலும் தனிமை உண்டு, அது அங்கேயும் தூங்கவிடாது.

தனிமையைக் குறைக்க நடந்த முயற்சிகளை 2011இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. பழகக் கற்றுக்கொடுத்தல், ஆதரவு தருதல், ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்துதல் ஆகியவற்றைவிட, “எல்லோரும் என்னை வெறுக்கிறார்கள்” என்பது போன்ற எண்ணங்களை ஆராய்ந்து திருத்த உதவிய முறைதான் அதிகம் பலன் தந்தது. நெடுநாள் தனிமைக்கு நல்ல ஆலோசகர் தேவைப்படலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தக் கட்டத்துக்குப் போகாதவர்களுக்குச் சின்னத் தொடர்புகளே போதுமான அளவு உதவுகின்றன. கனடாவில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் என்ற இருவர் காபிக் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேரை, காபி போடுபவரோடு சிரித்து ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். மீதிப் பேரைப் பேச்சு வளர்க்காமல் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். பேசியவர்கள் அதிகச் சந்தோஷத்தோடு, தாமும் இந்த ஊரின் ஓர் அங்கம் என்ற எண்ணத்தோடு வெளியே வந்தார்கள். அத்தியாயத் தொடக்கத்தில் பார்த்த முதல் பாட்டி பால்காரரோடு போடும் சண்டை அவருக்கு மருந்தாக இருந்ததற்கு இப்போது ஓர் ஆய்வுச் சான்று கிடைத்துவிட்டது.

அரசாங்கம் தூக்கம் கலைந்தபோது

2018இல் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. 2021இல் ஜப்பானும் நியமித்தது. 2024இல் மட்டும் ஜப்பானில் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் 76 ஆயிரம் பேர் என்பது அந்நாட்டுக் காவல்துறையின் கணக்கு. நான்கில் மூன்று பங்கினர் 65 வயதைத் தாண்டியவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வில் இருப்பதாகவும், ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கு அதனோடு தொடர்பு இருப்பதாகவும் மதிப்பிட்டது.

சிகாகோவும் பாடம் கற்றது. 1999இல் மறுபடி அனல் வீசியபோது நகர நிர்வாகம் குளிர்ச்சியான பொது இடங்களைத் திறந்தது, அங்கே போக இலவசப் பேருந்து விட்டது, தனித்து வாழும் முதியவர்களின் கதவைத் தட்டப் போலீஸ்காரர்களையும் ஊழியர்களையும் அனுப்பியது. அந்த முறை வெயில் முன்னளவுக்குக் கடுமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறந்தவர்கள் சுமார் 110 பேர்.

நமக்கும் இந்தக் கணக்கு தூரத்தில் இல்லை. 2021க்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. முதுமையும் வெயிலும் சேர்ந்து வரும் ஊரில், பிள்ளைகள் ஏன் கூட இல்லை என்று புலம்பிக்கொண்டிருப்பதால் யாரும் பிழைக்கப்போவதில்லை. பிள்ளைகள் வேலை இருக்கும் ஊருக்குப் போகத்தான் செய்வார்கள். தனித்து வாழ்வோர் கூடத்தான் செய்வார்கள். அவர்கள் தொடர்பற்றுப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டியவை உடையாத நடைபாதை, நிழலில் ஒரு பெஞ்ச், மாலையில் திறந்திருக்கும் நூலகம், எழுபது வயதுக்காரர் ஏறக்கூடிய படிக்கட்டுள்ள பேருந்து, பேரம் பேச ஆளிருக்கும் கடைத்தெரு.

அடுத்த முறை உங்கள் வார்டில் பூங்காவுக்கோ நூலகத்துக்கோ பணம் ஒதுக்கும் பேச்சு வந்து, அது வீண் செலவு என்று யாராவது சொன்னால், சிகாகோவின் அந்த 40ஐயும் 4ஐயும் எடுத்துச் சொல்லுங்கள். அந்தச் செலவைச் சுகாதாரக் கணக்கில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.